செங்கமாரி வீட்டுக் கேக்

கிளோட் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். தச்சுப் பட்டறையில் நாற்பது வருடம் நின்று, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிப் பழகிய மனிதர், ஒருவரும் கேட்காத ஒன்றைச் சொல்லப்போய் வீட்டுக்காரியின் பிழைப்பில் மண் அள்ளிப் போட்டார். நல்லதுக்குத்தான் சொன்னார். ஆம்பிளைகள் நல்லதுக்கென்று சொல்லுகிற பொய்களைக் கொண்டுவந்து கொட்டினால் மட்டக்களப்பு வாவி தூர்ந்துபோகும். இதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

நான் எதிர்வீடு. பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வுபெற்றவள் என்பதால் தெருவில் எல்லாருக்கும் டீச்சர். எங்கள் தெரு வாவிக்கரையில் போய் முடிகிறது. கிளோட்டும் அவருடைய மனைவி மியூரியலும் போர்த்துக்கேயர் வழிவந்த பறங்கியர். மற்ற வீடுகளில் பாதி கத்தோலிக்கர், பாதி மெதடிஸ்ட். யார் எந்தக் கோவிலுக்குப் போனாலும் கல்யாணக் கேக் மட்டும் ஒரே வீட்டிலிருந்துதான். மியூரியல் வீட்டுப் பின்வளவில் கிளோட்டின் தகப்பன் கட்டிய, கேக் சுடுகிற போறணை இருக்கிறது. விறகை எரித்து, தணலை வெளியே இழுத்துவிட்டு, உள்ளே கையை நீட்டிப் பார்த்தே சூடு சரியா என்று சொல்லிவிடுவாள். ஐம்பத்தெட்டு வயதிலும் அந்தக் கை பிசகியதில்லை.

கல்யாணக் கேக் என்றால் இரண்டு மாதம் முன்னாலேயே பழம் வெட்ட வேண்டும். பிளம்ஸ், பேரீச்சம்பழம், சீனிப்பாகில் காய்ச்சிய பூசணித் தோசி, இஞ்சித் தோசி, கஜுப் பருப்பு எல்லாவற்றையும் பொடியாக அரிந்து, தேனும் பிராந்தியும் ஊற்றி ஜாடியில் மூடி வைக்கிற வேலை. மெஷினில் போட்டால் களியாகிவிடும். அதனால் பொம்பிளை வீட்டுப் பெண்களும் மாப்பிள்ளை வீட்டுப் பெண்களும் தெருப் பெண்களும் ஒரு சனிக்கிழமை காலையில் மியூரியல் வீட்டு விறாந்தையில் கூடுவார்கள். ஒவ்வொருத்தியும் தன் வீட்டுக் கத்தியைத் துணியில் சுற்றிக்கொண்டு வர வேண்டும். இன்னொருத்தியின் கத்தியை வாங்கி வெட்டுகிற பழக்கம் இல்லை. ஏன் என்று கேட்டால் மியூரியலுக்கே தெரியாது, மாமி காலத்திலிருந்து அப்படித்தான் என்பாள். எந்த வீட்டுக் கத்தி வரவில்லையோ, அந்த வீட்டுக்கு அந்தக் கல்யாணத்தில் மனமில்லை என்று அர்த்தம்.

இந்த வருடம் செப்டெம்பரில் டினுஷாவுக்குக் கல்யாணம். மூன்று வீடு தள்ளி இருக்கிற மக்டலினின் ஒரே பிள்ளை. மாப்பிள்ளை தன்னாமுனைப் பொடியன் அன்ரோ. டினுஷாவுக்கு ஞானத்தாய் மியூரியல். பிள்ளை தொட்டிலில் கிடக்கும்போதே, உன்ட கல்யாணக் கேக் என்ட கையாலதான் என்று சொல்லிவைத்தவள். அந்தக் கேக்கைச் சுட முடியுமா முடியாதா என்பதுதான் இந்தக் கதை.

ஏப்ரலில் கோவிலில் இரத்ததானம் வைத்தார்கள். ஊசியைக் கண்டால் ஓடுகிற மியூரியல் இந்த வருடம் முதல்தரமாகப் போனாள். எண்பத்தெட்டில் மகள் ஜக்குலினைப் பெற்றபோது அவளுக்கு இரத்தம் நிற்காமல் போய், ஊரடங்குப் போட்ட பட்டப்பகலில் எங்கள் தெருவிலிருந்து மூன்று ஆம்பிளைகள் ஒரு தடியில் வெள்ளைத் துணியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்துபோய் இரத்தம் கொடுத்தார்கள். அந்தக் கடனை அறுபதுக்கு முன் ஒருதரமாவது தீர்த்துவிட வேண்டும் என்று அவளுக்கு ஒரு நினைப்பு. கொடுத்துவிட்டு வந்து, பெரிய வீரம் செய்தவள் மாதிரி எனக்கு ஊசி குத்திய இடத்தைக் காட்டினாள்.

இரண்டு கிழமையில் இரத்த வங்கியிலிருந்து போன் வந்தது. மறுபடியும் இரத்தம் எடுத்தார்கள். பிறகு கிளினிக்குக்கு அனுப்பினார்கள். ஹெப்பட்டைட்டிஸ் சி என்றார் டொக்டர். ஈரலைத் தின்னுகிற கிருமி, இரத்தத்தில் இருக்கும், முப்பது வருடம் சத்தம் போடாமல் கிடக்கும். எண்பத்தெட்டில் ஏற்றின இரத்தத்தால் வந்திருக்கத்தான் கூடுதல் சாத்தியம், அந்தக் காலத்தில் இதைச் சோதிக்க வழி இருக்கவில்லை என்றார். முந்தியென்றால் இதற்கு ஒரு வருடம் ஊசி, காய்ச்சல், முடி கொட்டுதல். இப்போது ஒரு நாளைக்கு ஒரு குளிசை விழுங்கினால் போதும், பன்னிரண்டு கிழமை, அதாவது மூன்று மாதம். குளிசை முடிந்து மூன்று மாதத்தில் இரத்தம் பார்த்து, கிருமி இல்லையென்றால் சுகம். நூறு பேரில் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் சுகமாகிறது என்றார்.

கிளினிக்கில் நிஸ்றா என்று ஒரு நேர்ஸ், காத்தான்குடிப் பிள்ளை. அவள் தமிழில் அச்சடித்த ஒரு கடதாசியைக் கொடுத்து, விரல் வைத்து வரிவரியாக வாசித்துக் காட்டினாளாம். சமைக்கலாம், ஒரே கோப்பையில் சாப்பிடலாம், பேரப்பிள்ளையைக் கொஞ்சலாம். சவர பிளேட், பல்லுத் தூரிகை மட்டும் பொதுவில் வைக்கக்கூடாது. கை வெட்டுப்பட்டால் பிளாஸ்டர் ஒட்ட வேண்டும். மியூரியல் கடதாசியை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, குளிசை முடிந்து சுகமான பிறகு ஊருக்குச் சொல்லலாம் என்று வீட்டுக்கு வந்தாள்.

கிளோட்டோ ஊர்வாயை நினைத்தார். இரத்தத்தில் கிருமி என்றால் எங்கள் ஊர்க் காதுக்கு எயிட்ஸ் என்று ஒரே ஒரு நோய்தான் கேட்கும். நாளைக்கே மியூரியலையும் அவரையும் சேர்த்துக் கதை கட்டுவார்கள் என்று பயந்தார். அந்த நேரம் பார்த்துப் பட்டறைக்குப் பலகை கொண்டுவந்த முகைதீன்பாவா, உங்களைக் கிளினிக் வாசலில் கண்டேனே என்று சும்மா சொன்னார். கிளோட் சீவுளியை வைத்துவிட்டு, அவவுக்குச் செங்கமாரி, வேறொண்டுமில்ல என்றார்.

மஞ்சள் காமாலையைத்தான் நாங்கள் செங்கமாரி என்கிறோம். வெட்கப்படுகிற நோய் இல்லை. தண்ணியில் வரும், சாப்பாட்டில் வரும், வந்தவர் தொட்ட கோப்பையில் வரும் என்பது குழந்தைக்கும் தெரியும். வினையே அங்கேதான். மனைவியின் மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று, கேக் சுடுகிறவளுக்குச் சாப்பாட்டால் தொற்றுகிற நோயைப் பெயர் வைத்துக் கொடுத்தார் அந்த மனிதர்.

அடுத்த கிழமையே மியூரியல் வீட்டுக் கேற்றில் கீழ்க்காய்நெல்லிக் கட்டுகள் தொங்கத் தொடங்கின. எல்லாரும் அன்பான சனம். கட்டை மாட்டிவிட்டுக் கேற்றுக்கு வெளியே நின்று, மோரில் அரைச்சுக் குடிங்க, எண்ணெய் சேர்க்காதீங்க என்று சொல்லிவிட்டுப் போனார்கள். உள்ளே ஒருத்தரும் வரவில்லை. தேத்தண்ணி குடிக்கவும் இல்லை. கோவில் மாதர் சங்கக் கூட்டத்துக்கு அவள் அனுப்பிய கேக் வெட்டாமல் அப்படியே திரும்பி வந்தது. மருமகனுடைய பிள்ளையின் ஞானஸ்நானக் கேக்குக்கு நான் சொல்லி வைத்திருந்தேன். பிறகு பார்ப்பம் மியூரியல் என்று நானும் சொன்னேன். இதை எழுத எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஏன் டீச்சர் எல்லாரும் எனக்குக் கீரை கொண்டுவாறாங்க என்று அவள் தெருவில் நின்று என் மதிலுக்கு மேலால் கேட்டாள். நான் முருங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஆடி மாதம். கச்சான் காற்று நெருப்பாக வீசிக்கொண்டிருந்தது. வாவி வற்றிக் கரையில் சேறு வெடித்துக் கிடந்தது. தெருவில் மணல் எழும்பிக் கண்ணைக் கரிக்கிற மத்தியானத்தில் மக்டலின் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு மியூரியல் வீட்டுக் கேற்றடிக்கு வந்தாள். நான் என் வீட்டுத் தெருப்பக்க மதிலடியில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். எல்லாம் கேட்டது.

“அக்கா, கேக் விசயமாத்தான் வந்தன்.”

“உள்ளுக்கு வாவன். ஏன் வெயிலுக்க நிக்கிறாய்? பழம் வெட்டுறது வாற சனிக்கிழம. பூசணித் தோசி காய்ச்சி வைச்சிருக்கன்.”

மக்டலின் கேற்றைத் தொடவில்லை. சம்பந்தி சர்மிலா தன்னாமுனையிலிருந்து போன் எடுத்தாளாம். கேக்கை ஒரு கடையில் சொல்லிவிடலாம், மாப்பிள்ளை பகுதிச் சனம் யோசிக்குது என்றாளாம். அதைச் சொல்லி முடிப்பதற்குள் மக்டலினுக்கு வியர்த்துவிட்டது.

“என்னத்தை யோசிக்குது?”

“உங்களுக்குச் செங்கமாரி எண்டு ஊரெல்லாம் தெரியும்கா. சாப்பாட்டுச் சாமான். நான் ஒரு கொமரக் கரை சேக்க நிக்கிறவ. கோவிக்காதீங்க.”

மியூரியல் கேற்றில் தொங்கிய கீரைக் கட்டைப் பார்த்தாள். அவளுக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. யார் சொன்ன என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். கிளோட் அண்ணன்தான் என்றாள் மக்டலின்.

அன்றைக்குப் பின்னேரம் அந்த வீட்டில் நடந்தது தெருவுக்கே கேட்டது. மியூரியல் கத்துகிறவள் இல்லை. கத்தினால் தமிழும் பறங்கிப் பாஷையும் கலந்து வரும். கிளோட் ஒரு மூலையில் நின்று, உன்ட மானத்துக்காகத்தான் சொன்னேன் என்றாராம்.

“என்ட மானத்தை நீங்க ஏன் தூக்கிக்கொண்டு திரியிறீங்க? அது என்ன உங்கட உளியா? நான் களவெடுத்தனா? எங்கயும் போனனா? புள்ளப் பெறப் போனன். இரத்தம் ஏத்தினாங்க. பொழைச்சன். இதில எது வெட்கம்? பொய் சொல்லி மூட நான் என்ன செய்தன்?”

 பதிலுக்கு அவள் காத்து நிற்கவில்லை. கேற்றில் இருந்த கீரையையெல்லாம் அவிழ்த்து ஆட்டுக்குப் போட்டுவிட்டு, கைப்பையை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். முதல் வீடு என்னுடையது. டீச்சர் இத வாசிங்க, சத்தமா வாசிங்க என்று கடதாசியை நீட்டினாள். வாசித்தேன். முப்பது வருடம் பிள்ளைகளுக்கு வாசிக்கப் பழக்கிய எனக்கு அன்றைக்கு நாக்கு தடுக்கியது. இப்ப விளங்கிச்சா என்றாள். விளங்கியது என்றேன். அப்ப என்னோட வாங்க, மக்டலின்ட வீட்ட போவம் என்றாள்.

மக்டலின் வாவி இறால் வாங்கித் துப்புரவாக்கி வீட்டு வாசலில் விற்கிறவள். அவளுடைய கணவன் அலன் தோணிக்காரன், வீச்சுவலை போடுகிறவன். பத்து வருடத்துக்கு முன், கால் வீங்கி, வயிறு குடம் மாதிரி வீங்கிச் செத்துப்போனான். வயிறு வீங்கிச் செத்தால் எங்கள் ஊரில் வேறு பேச்சு இல்லை: கசிப்புச் சாராயம் குடிச்சுச் செத்தான். அலன் ஞாயிற்றுக்கிழமையில் ஒரு போத்தல் கள்ளுக் குடிப்பான், அவ்வளவுதான் என்று மக்டலின் எத்தனையோ பேரிடம் சொல்லிப் பார்த்தாள். எந்தக் குடிகாரன் பெண்சாதி உண்மை சொன்னாள் என்று செத்தவீட்டிலேயே கதைத்தார்கள். கதைத்தவர்களில் நானும் ஒருத்தி.

நாங்கள் போனபோது மக்டலின் பலகைக் கட்டையில் உட்கார்ந்து இறால் உடைத்துக்கொண்டிருந்தாள். ஐஸ் தண்ணீரில் ஊறி விரலெல்லாம் வெளுத்திருந்தது. டினுஷா தராசைக் கழுவிக்கொண்டிருந்தாள். மியூரியல் நின்றபடியே சொன்னாள்.

“எனக்குச் செங்கமாரி இல்ல மக்டலின். அவர் சொன்னது பொய். இரத்தத்தில ஒரு கிருமி. நீ நினைக்கிற அந்த வருத்தமும் இல்ல. சாப்பாட்டால வராது, கையால வராது. இரத்தத்தோட இரத்தம் பட்டாத்தான் வரும். குளிசை போடுறன், இது அஞ்சாம் கிழம.”

“உங்களுக்கு எப்படிக்கா வந்த?”

“ஜக்குலின் பொறந்த அண்டைக்கு ஏத்தின இரத்தத்தாலயா இருக்கும் எண்டு டொக்டர் சொல்றார்.”

மக்டலினின் கை நின்றது. அன்றைக்கு வெள்ளைத் துணி பிடித்துக்கொண்டு போன மூன்று பேரில் ஒருவர் கனடாவில், ஒருவர் சுனாமியோடு போய்விட்டார், மற்றவன் அலன். இருபத்திரண்டு வயதில் தான் செய்த அந்த ஒரு காரியத்தை அவன் சாகும்வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தான். மியூரியல் அக்காட உடம்பில என்ட இரத்தம் ஓடுது என்பான்.

“அப்ப என்ட மனிசன்தான் உங்களுக்கு வருத்தத்தைத் தந்ததெண்டு சொல்ல வந்தீங்களா?” மக்டலின் எழும்பினாள். “குடிகாரன் எண்ட பேர் காணாதா? செத்தவன்ட தலையில இதையும் கட்டணுமா?”

“யார் தந்த எண்டு எனக்குத் தெரியா. தேடவும் மாட்டன். தந்த ஆள் கிருமியத் தந்திருந்தா உயிரையும் சேத்துத்தான் தந்தார். அந்தக் காலத்தில ஒரே ஊசியச் சுடுதண்ணியில போட்டெடுத்து ஊருக்கெல்லாம் குத்தினாங்க. யாருக்கு எப்படி வந்திச்சோ. நான் கேக்குக்காகவும் வரல்ல. கேக் வேணாமெண்டா விடு. அலன் வயிறு வீங்கினது குடியாலதானா எண்டு நீ ஒருக்கா யோசி. நீயும் புள்ளயும் போய் இரத்தம் பாருங்க. இருந்தா இப்ப மருந்து இருக்கு. அவருக்கு இருக்கல்ல.”

“போங்கக்கா,” என்றாள் மக்டலின். “என்ட வாசல்ல நிக்காதீங்க.”

டினுஷா தாயையும் ஞானத்தாயையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள். மியூரியல் கிறுகித் திரும்பி நடந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அவளோ சனிக்கிழமைக்கு எலுமிச்சந்தோல் காணாது, நாளைக்குச் சந்தைக்குப் போக வேணும் என்றாள். யார் கேக் கேட்டார்கள் என்று நான் கேட்டேன். என்ட ஞானப்பிள்ளைக்குக் கல்யாணம், நான் பழம் வெட்டுவன், தின்னுறவங்க தின்னட்டும் என்றாள். எனக்கு அவள்மேல் கோபமாகவும் வந்தது, கும்பிட வேண்டும் போலவும் வந்தது.

வெள்ளிக்கிழமை கிளோட் பட்டறையைப் பூட்டிவிட்டு முகைதீன்பாவா பலகை விற்கிற மரக்காலைக்குப் போனார். அங்கே நின்ற ஏழெட்டுப் பேருக்கு நடுவில், நான் சொன்னது பொய், என்ட மனிசிக்கு இருக்கிறது இது, பேர் இது, மருந்து இது என்று சொன்னாராம். முகைதீன்பாவா கதிரை எடுத்துப்போட்டு, தேத்தண்ணி வருவித்து, இதுக்குப் போய் ஏன் பொய் சொன்னீங்க கிளோட் என்று கேட்டாராம். 

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கெல்லாம் மியூரியல் விறாந்தையைக் கழுவி, இரண்டு மேசை போட்டு, பன்னிரண்டு கதிரை வைத்துவிட்டாள். நடுவில் பழம். ஒரு சின்னக் கோப்பையில் பிளாஸ்டர். எட்டு மணியாகியது, ஒருத்தரும் இல்லை. கச்சான் மட்டும் கேற்றை ஆட்டிக்கொண்டிருந்தது. மியூரியல் தன் கத்தியை எடுத்துத் தனியே பேரீச்சம்பழம் அரியத் தொடங்கினாள். கிளோட் உள்ளேயிருந்து ஒரு கத்தியைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தார்.

“ஆம்பிளையள் வெட்டுறல்ல,” என்றாள் அவள்.

“இண்டைக்கு வெட்டும்,” என்றார் அவர்.

நான் என் ஜன்னலில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜன்னலில் நின்று பார்க்கிறது சுகமான வேலை. பத்து வருடமாக அதைத்தான் செய்திருக்கிறேன். என்மேல் எனக்கே சீயென்று போய்விட்டது. குசினியில் இருந்த கத்தியைப் பழந்துணியில் சுற்றிக்கொண்டு தெருவைக் கடந்தேன். என்னைக் கண்டு மெதடிஸ்ட் வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் வந்தார்கள். அவர்களைக் கண்டு இன்னும் மூன்று பேர்.  பிளம்ஸ் கையில் ஒட்டியது. எல்லாருடைய கண்ணும் கேற்றில் இருந்தது. பொம்பிளை வீட்டுக் கத்தி வராத பழத்தை என்ன செய்வது?

பத்து மணிக்கு ஒரு ஆட்டோ வந்து நின்றது. முதலில் டினுஷா இறங்கினாள். பிறகு தன்னாமுனைச் சம்பந்தி சர்மிலா, கையில் கத்தி இல்லாமல். கடைசியாக மக்டலின். அவள் நேரே விறாந்தைக்கு ஏறி, துணியை அவிழ்த்து, இறால் வாசம் போகத் தேய்த்துக் கழுவிய தன் கத்தியை மேசையில் வைத்தாள்.

“வியாழக்கிழம நானும் புள்ளயும் கிளினிக்குக்குப் போன,” என்றாள். மியூரியலைப் பார்த்துச் சொல்லவில்லை, எல்லாருக்கும் சொன்னாள். “இரத்தம் எடுத்திருக்காங்க. முடிவு வரல்ல. வந்தா வரட்டும். அவரப் பத்தி அந்த நேர்ஸ் புள்ளயிட்டக் கேட்டன். செத்த ஆளுக்கு இனி ஒண்டும் சொல்ல ஏலாதாம். ஆனா குடியாத ஆளுக்கும் இந்தக் கிருமியால ஈரல் கெட்டு வயிறு வீங்குமாம். அப்படியும் இருந்திருக்கலாமாம்.”

“இருந்திருக்கலாம் எண்டுதானே,” என்று சர்மிலா மெல்ல இழுத்தாள்.

“பத்து வருசமா இந்தத் தெருவில ஒருத்தரும் எனக்கு அந்த ஒரு சொல்லுத் தரல்ல. எனக்கு அது காணும்.”

 கேக்குக்குப் பயமில்லைத்தானே என்று சர்மிலா கேட்டாள்.  டினுஷா ஒரு பேரீச்சம்பழத் துண்டை மியூரியலின் பலகையிலிருந்தே எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, மாமியாருக்கு ஒரு கதிரையை இழுத்துவிட்டாள். எனக்குக் கத்தி இல்லையே என்றாள் சர்மிலா. மியூரியல் எழும்பிப் போய், கடையில் வாங்கிய கடதாசி உறை பிரிக்காத புதுக் கத்தி ஒன்றைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தாள்.

“மாப்பிள்ள வீட்டுக்கெண்டு வாங்கி வைச்ச,” என்றாள்.

மக்டலின் இன்னும் நின்றுகொண்டே இருந்தாள். “அந்தக் கடதாசி எங்க அக்கா?” என்றாள். மியூரியல் கைப்பையைத் திறந்து, நாலாக மடித்து மடித்து மடிப்பில் கிழியத் தொடங்கியிருந்த கடதாசியை எடுத்துக் கொடுத்தாள். மக்டலின் அதை வெளிச்சத்துக்குப் பிடித்து, எழுத்துக் கூட்டி, சத்தமாக வாசித்தாள்.

“மது அருந்தாதவர்களுக்கும் இந்நோயினால் ஈரல் பழுதடைந்து, கால்களும் வயிறும் வீங்கி, மரணம் ஏற்படலாம்.”

விறாந்தையில் கத்திகள் எல்லாம் நின்றுவிட்டன. அவள் கடதாசிக்கு மேலால் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். என் முகத்தில் வந்து நிறுத்தினாள். நான் குனியவில்லை. குனிய எனக்கு உரிமை இல்லை.

“இன்னொருக்கா வாசிக்கிறன் டீச்சர்,” என்றாள். “வடிவாக் கேளுங்க.”